மரங்கள் ஓர் அரசனைத் தேடின
தேர்தல் தொண்டுக்குப் புறப்படும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு சிந்தனை



பழைய ஏற்பாட்டிலே நீதித்தலைவர்கள் ஆகமம் என்று ஒரு நூல் உண்டு. அதன் ஒன்பதாம் அதிகாரத்தை நம்மில் அநேகர் வாசித்திருக்கமாட்டோம். ஞாயிறு வாசகங்களில் அது வருவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு வார நாள் பூசையில், அதில் ஒரு பகுதி மாத்திரம் வாசிக்கப்படுகிறது. ஆனால் தேர்தல் காலம் வந்து, சந்திகளிலே ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு கத்தோலிக்கக் குடும்பமும் இராச் செபமாலை முடிந்தபின் ஒன்றாக இருந்து வாசிக்க வேண்டிய அதிகாரம் அது. ஏனெனில் வாக்குச் சேர்க்கும் கதை ஒன்று அதிலே அப்படியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

கதை இதுதான். இஸ்ராயேலை மீதியானியரின் கையினின்று மீட்ட கிதியோனை, நீரே எங்களை ஆளும் என்று மக்கள் கேட்டார்கள். அவன் மறுத்துவிட்டான். ஆண்டவரே உங்களை ஆள்வார் என்று சொன்னான். அவன் இறந்த பின், அவனுடைய மக்களில் ஒருவனான அபிமெலேக்கு செக்கேம் ஊருக்குப் போனான். அது அவன் தாயின் ஊர். மாமன்மாரைக் கூட்டி, ஊராரிடம் தன்னைப் பற்றிப் பேசச் சொன்னான். எழுபது பேர் உங்களை ஆள்வது நல்லதா, ஒருவன் ஆள்வது நல்லதா? நான் உங்கள் எலும்பும் உங்கள் சதையும் அல்லவா? இதுவே அவன் பிரசாரம். ஊர் மயங்கியது. பாகால் பெரித்தின் கோயிலிலிருந்து எழுபது வெள்ளிக் காசை எடுத்து அவனுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தால் அவன் வீணர்களையும் முரடர்களையும் கூலிக்குப் பிடித்தான். அவர்களோடு போய்த் தன் சகோதரர் எழுபது பேரையும் ஒரே கல்லின்மேல் வைத்துக் கொலை செய்தான். ஒளித்திருந்து தப்பியவன் கடைசித் தம்பி யோத்தாம் ஒருவனே.

அந்த யோத்தாம் கெரிசிம் மலை உச்சியில் ஏறி நின்று, கீழே நின்ற செக்கேம் மக்களுக்கு ஓர் உவமை சொன்னான். மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடின. ஒலிவமரத்தைக் கேட்டன. தெய்வங்களும் மனிதரும் மதிக்கும் என் எண்ணெயை விட்டுவிட்டு நான் மரங்களுக்கு மேலே அசைந்தாட வரவோ என்றது அது. அத்திமரத்தைக் கேட்டன. அது தன் இனிய கனியை விட்டுவர மறுத்தது. திராட்சைக் கொடியைக் கேட்டன. அது தன் இரசத்தை விட்டுவர மறுத்தது. கடைசியில் முட்செடியைக் கேட்டன. நமது காரை, சூரை போன்ற ஒன்று. முட்செடி உடனே சம்மதித்தது. வந்து என் நிழலிலே தங்குங்கள், இல்லாவிட்டால் என்னிலிருந்து தீ புறப்பட்டு லீபானின் கேதுரு மரங்களையே எரித்துவிடும் என்றது.

முட்செடிக்கு ஏது நிழல்? அதன் கீழ் ஓர் ஆட்டுக்குட்டிகூடப் படுக்க முடியாது. ஆயினும் நிழல் தருவதாக வாக்குக் கொடுத்தது. தராவிட்டால் தீ வைப்பதாகப் பயமுறுத்தியது. வாக்குறுதியும் பயமுறுத்தலும் சேர்ந்தே வந்தன. அன்று தொட்டு இன்று வரை முட்செடியின் பேச்சு மாறவில்லை.

நல்ல மரங்களின் குற்றம்

இந்த உவமையைக் கேட்கும் நாம் முட்செடியைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். நல்ல மூன்று மரங்களையும் மறந்துவிடுகிறோம். அவை பொய் சொல்லவில்லை, களவெடுக்கவில்லை. தத்தம் எண்ணெயையும் கனியையும் இரசத்தையும் பார்த்துக்கொண்டு தங்கள் பாட்டில் இருந்தன. ஆனால் அவை விலகி நின்ற இடத்திலேதான் முட்செடி ஏறி அமர்ந்தது.

நமது வீடுகளிலும் இந்தப் பேச்சைக் கேட்கிறோம். "அரசியல் ஒரு சாக்கடை, மகன். நீ உன்ர படிப்பைப் பார்." பெற்றோரின் பயம் விளங்கத்தக்கது. அதற்கு நமது மண்ணிலே காரணங்கள் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம். ஆனால் சாக்கடை நாறுகிறது என்றால் அதைத் துப்புரவு செய்ய வேண்டுமே அல்லாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு படலையைச் சாத்துவதால் நாற்றம் போகாது. சாக்கடையைத் துப்புரவு செய்விப்பதே பிரதேச சபையின் வேலைகளில் ஒன்று அன்றோ?

திருச்சபை இவ்விடயத்தில் மயக்கமின்றிப் போதிக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏடு, வாக்களிப்பதைக் குடிமக்களின் உரிமை என்று மாத்திரமல்ல, கடமை என்றும் சொல்கிறது. பொதுநலனுக்காக அரசியற் பணியின் சுமையை ஏற்பவர்களைப் பாராட்டுகிறது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1988 இல் பொதுநிலையினருக்கு எழுதிய மடலிலே, அரசியலில் பதவி மோகமும் ஊழலும் உண்டு என்ற குற்றச்சாட்டு பொதுநிலையினர் பொதுவாழ்வை விட்டு ஒதுங்குவதற்கு நியாயமாகாது என்று எடுத்துரைத்தார். குருக்களுக்கு வேறு ஒழுங்கு. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், குருக்கள் அரசாட்சிப் பதவி ஏற்பதைத் தடுக்கிறது. கட்சிகளில் ஈடுபட்டு உழைப்பதையும் பொதுவாக விலக்குகிறது. அப்படியானால் அந்த வேலையை யார் செய்வது? பலிபீடத்திலே நிற்பவர் செய்ய முடியாததை, பலிபீடத்திலிருந்து வீடு திரும்பும் நீங்கள் செய்ய வேண்டும்.

அதற்காக எல்லோரும் வேட்பாளராக வேண்டும் என்பதில்லை. நல்ல மனிதர் ஒருவர் துணிந்து முன்வரும்போது, அவருக்குப் பக்கத்தில் நின்று நாலு ஒழுங்கை நடந்து கொடுப்பதும் ஒரு தொண்டே. தனித்து விடப்பட்ட நல்லவர் தோற்றுப்போவார். அல்லது தோற்காமலிருப்பதற்காகக் கெட்டவர்களின் உதவியை வாங்குவார். அந்த உதவிக்குப் பின்னர் வட்டியும் கட்டுவார்.

உள்ளூர்ச் சபை என்றால் அற்பமா?

பாராளுமன்றத் தேர்தல் என்றால் ஊர் கொதிக்கும். பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை என்றால் "ஓ, அது லைற் போடுற விஷயம்" என்று சிலர் சிரிப்பார்கள். சகோதரரே, அந்த லைற் இல்லாத ஒழுங்கையாலேதான் உங்கள் மகள் மாலை வகுப்பு முடிந்து வருகிறாள். வீதி, வடிகால், குப்பை, சந்தை, பொதுக் கிணறு, வாசிகசாலை, சிறுவர் பூங்கா, மயானம்: இவையே இச்சபைகளின் பொறுப்பு. பிறந்த பிள்ளையின் காற்றும் தண்ணீரும் தொட்டு, இறந்தவரின் குழி வரை. தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா என்று கடைசி நாளில் கேட்கப்போகிறவர், தண்ணீர்க் குழாயின் கணக்கையும் கேட்பார் என்றே நான் எண்ணுகிறேன்.

அப்படிப்பட்ட சபைகள் இல்லாமற் போவது எப்படி இருக்கும் என்பதையும் நாம் கண்டோம். 2018 பெப்ரவரி 10 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அவ்வாண்டு நடக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தோடு நின்றுபோயிற்று. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர்நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பின்னரே 2025 மே 6 இல் 339 சபைகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, உடைந்த மதகைப் பற்றி முறையிடப் போனவருக்குத் தான் தெரிந்தெடுத்த உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை.

இப்போதைய முறையிலே சபை உறுப்பினரில் அறுபது வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும், மீதி நாற்பது வீதத்தினர் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். நாலில் ஒரு பங்கு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. வட்டாரம் என்பது நடந்தே சுற்றி வரக்கூடிய இடம். வேட்பாளரின் தாயையும் தகப்பனையும் ஊர் அறியும். ஆகவே இங்கே ஒரு தொண்டனின் சொல்லுக்குப் பெறுமதி அதிகம். அவன் செய்யும் பாவத்துக்கும் பாரம் அதிகம்.

அபிமெலேக்கின் வழிகள்

அபிமெலேக்கின் பிரசாரத்தை மறுபடி பாருங்கள். அவன் பிடித்த வழிகள் மூன்று.

முதலாவது, எலும்பும் சதையும். நான் நல்லவன் என்று அவன் சொல்லவில்லை. நான் உங்கள் ஆள் என்றான். "அண்ணை, இவர் எங்கட ஆள்." இந்த ஒரு வசனத்தோடு எத்தனை படலைகளில் பேச்சு முடிந்துவிடுகிறது! எங்கட சாதி, எங்கட குறிச்சி, எங்கட கோயில். சில சமயம், எங்கட வேதக்காரன். கத்தோலிக்கர் என்பதற்காக மாத்திரம் ஒருவருக்கு வாக்குக் கேட்பது, கிறிஸ்துவின் பெயரை அபிமெலேக்கின் வேலைக்கு இரவல் கொடுப்பதாகும். நேர்மையான சைவ சகோதரர் ஒருவரும், கைசுத்தமில்லாத கத்தோலிக்கர் ஒருவரும் எதிரெதிரே நின்றால், ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துப் புள்ளடி போடச் சொல்லித் திருச்சபை எங்கும் போதிக்கவில்லை. சாதியைச் சொல்லி வாக்குக் கேட்பவனோ அதைவிடப் பெரிய பாவம் செய்கிறான். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து உண்பவர்களை அவன் இரண்டாக வெட்டுகிறான்.

இரண்டாவது, கோயிற் பணம். செக்கேமார் தெய்வத்துக்கென்று வைத்த வெள்ளியை எடுத்து வேட்பாளனுக்குக் கொடுத்தார்கள். நமது கோயிற் பெட்டியிலே கை வைக்க யாரும் துணியமாட்டார்கள் என்று நம்புவோம். ஆனால் கோயிலின் பெயர், கோயிலின் மண்டபம், கோயிலின் ஒலிபெருக்கி, மூப்பர் என்ற பதவி, சங்கத் தலைவி என்ற மதிப்பு: இவையும் கோயிற் சொத்தே. மாதர் சங்கக் கூட்டத்துக்கென்று பெண்களை அழைத்துவிட்டுத் துண்டுப்பிரசுரம் கொடுப்பது, பூசை முடிந்து வருபவர்களை வாசலில் மறித்து நிற்பது, பங்குச்சபைக் கடிதத்தாளில் வேண்டுகோள் எழுதுவது எல்லாம் பாகால் பெரித்தின் வெள்ளிக் காசுகள்தாம். வழிபாட்டுக் கூட்டத்தில் வாக்கைத் திருப்பும் நோக்கத்தோடு பேசுவதையும், வழிபாட்டுத் தலத்தில் வேட்பாளருக்காகக் கூட்டம் வைப்பதையும் நமது நாட்டுத் தேர்தற் சட்டமே குற்றமாக எண்ணுகிறது. ஒரே விசுவாசத்தை உடையவர்கள் அரசியலில் வெவ்வேறு பாதையைத் தெரிந்து கொள்ளலாம் என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1971 இலே எழுதினார். தன் சொந்த அபிப்பிராயத்துக்குத் திருச்சபையின் முத்திரையைக் குத்த ஒருவருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது, கூலிக்குப் பிடித்தவர்கள். இங்கேதான் தொண்டன் யார், கூலியாள் யார் என்ற வேறுபாடு தெரிகிறது. சாராயப் போத்தலுக்காகச் சுவரொட்டி ஒட்டுபவன் தொண்டனல்லன். வென்றால் மகனுக்கு வேலை என்ற பேச்சோடு வருபவன் முற்பணம் வாங்கிய வியாபாரி. வாக்காளருக்கு அரிசிப் பையும் சேலையும் கொண்டுபோய்க் கொடுப்பவன், ஏழையின் பசியை விலைக்கு வாங்குகிறான். பணம் கொடுத்தாலென்ன, சாப்பாடும் குடியும் கொடுத்தாலென்ன, வாக்கைத் திருப்புவதற்காகக் கொடுத்தால் அது சட்டப்படி இலஞ்சமும் உபசரிப்புக் குற்றமுமாகும். கடவுட் சட்டத்தின்படியோ அது ஏழையை அவமதிப்பதாகும். ஏழைக்குக் கொடுக்க வேண்டுமா? தேர்தல் முடிந்த மறுநாள் கொடுங்கள். அப்போது அது தருமம்.

2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தற் செலவுச் சட்டம் செலவுக்கு எல்லை வைக்கிறது. வேட்பாளர் தாம் பெற்ற நன்கொடைகளையும் செய்த செலவுகளையும், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்கெழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு எழுதப்படும் அறையிலே ஒரு கத்தோலிக்கத் தொண்டன் இருந்தால், அங்கே பொய்ப் பற்றுச்சீட்டு எழுதப்படக் கூடாது. எழுதச் சொன்னால், பேனையை வைத்துவிட்டு எழுந்து வர அவனுக்குத் தைரியம் வேண்டும்.

நாவின் பாவம்

அபிமெலேக்கின் காலத்தில் இல்லாத வழி ஒன்று நமது காலத்தில் உண்டு. அன்று ஒரு பொய் ஊர் சுற்ற ஒரு நாள் வேண்டும். இன்று கைத்தொலைபேசியிலே விரல் பட்டால் போதும். எதிர் வேட்பாளரைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. உண்மையோ பொய்யோ தெரியாது. பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு நாம் படுக்கைக்குப் போகிறோம். இராச் செபமும் சொல்கிறோம்!

குறிப்பாக, வேட்பாளர் ஒரு பெண் என்றால், அவள் வீதியைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்பாரில்லை. எந்நேரம் வீட்டுக்குப் போனாள் என்று கேட்பார்கள். ஒரு குடும்பப் பெண்ணின் பெயரைச் சந்தியில் வைத்துக் கிழித்து அதனால் நாற்பது வாக்குச் சேர்த்தவன், அந்த நாற்பதையும் எந்தத் தராசில் நிறுக்கப் போகிறான்? எட்டாம் கட்டளை தேர்தல் காலத்தில் விடுமுறை எடுப்பதில்லை. களவெடுத்தவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது போல, பிறர் பெயரைக் கெடுத்தவனும் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறான் என்பது திருச்சபையின் போதனை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லிவிட்டால் மாத்திரம் போதாது. எந்தப் பத்துப் பேருக்கு அனுப்பினாயோ, அந்தப் பத்துப் பேருக்கும் அது பொய் என்று அனுப்ப வேண்டும். இது கஷ்டமா? கஷ்டமென்றால் முதலிலேயே அனுப்பாதிருப்பது இலேசு.

கல்லும் தீயும்

இனி, பெற்றோரின் பயத்துக்கு வருவோம். எழுபது பேரை ஒரே கல்லின்மேல் கொன்ற கதை நமக்குத் தூரத்துக் கதையல்ல.

1981 யூன் 4 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்தது. அதற்கு முன் மே 31 இரவு, யாழ்ப்பாணத்தில் ஒரு தேர்தற் கூட்டத்திலே பொலிசார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த வெறியாட்டத்தில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், திரும்பப் பெறமுடியாத ஏடுகளும் சாம்பலாயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே நமது குருவும் பன்மொழிப் புலவருமான தாவீது அடிகளார் உயிர்நீத்தார். 2005 ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியிலே, மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில், பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். பாலனின் பிறப்புப் பூசையிலே, தேவாலயத்தின் உள்ளே! இவற்றைக் கண்ட தாய் ஒருத்தி, மகன் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தோடு சைக்கிளில் ஏறும்போது படலையடியில் நின்று சிலுவை அடையாளம் போடுகிறாள் என்றால், அவளை யார் குறை சொல்வது?

ஆனால் அவளுடைய மகனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொலை என்பது கல்லின்மேல் தொடங்குவதில்லை. "அவன் துரோகி" என்ற சொல்லிலே தொடங்குகிறது. கிழித்த சுவரொட்டியிலே, கல்லெறிந்த ஓட்டிலே, நடுச்சாமத்தில் படலையைத் தட்டிய தட்டிலே அது வளர்கிறது. கொல்லாதே என்ற கட்டளையைச் சகோதரனை இழிசொல் சொல்லும் வாய்வரை நீட்டி வைத்தவர் நமதாண்டவர். ஆகவே தொண்டனாகப் போகும் இளைஞன் தன் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்க்கட்சித் தொண்டனை எதிரி என்று நான் அழைக்கமாட்டேன். அவனுடைய சுவரொட்டியின்மேல் என்னுடையதை ஒட்டமாட்டேன். எங்கள் பக்கத்தவன் கை ஓங்கினால், அந்தக் கையைப் பிடிக்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

யாருக்காக நடப்பது?

மோசேக்கு அவருடைய மாமனார் இத்திரோ நல்ல புத்தி சொன்னார். மக்களுக்குத் தலைவர்களைத் தெரிந்தெடுக்கும்போது திறமையுள்ளவரா, கடவுளுக்குப் பயந்தவரா, நம்பத்தக்கவரா, கைக்கூலியை வெறுப்பவரா என்று பார்க்கச் சொன்னார். கைக்கூலி வாங்காதவர் என்று சொல்லி அவர் நிறுத்தவில்லை. அதை வெறுப்பவர் என்றார். வாய்ப்புக் கிடையாததால் வாங்காதவர் பலர். வெறுப்பவர் சிலரே.

அரசியலாளரின் பாதுகாவலராக 2000 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட புனித தோமஸ் மோரின் வாழ்விலே ஒரு சம்பவம் உண்டு. அவர் இங்கிலாந்தின் லோட் சான்சலராய் இருந்த காலத்தில், அவர் தீர்ப்பினால் நியாயம் பெற்ற விதவை ஒருத்தி, புதுவருடப் பரிசாக ஒரு சோடிக் கையுறை கொண்டுவந்தாள். உள்ளே நாற்பது பவுண் பெறுமதியான பொற்காசுகள் இருந்தன. கையுறையை மாத்திரம் மரியாதையாக வாங்கிக்கொண்டு, காசைத் திருப்பிக் கொடுத்தார் என்று அவருடைய மருமகன் ரோப்பர் எழுதி வைத்திருக்கிறார். காசைத் திருப்பிக் கொடுக்கப் பழகிய கைதான், 1534 இல் அரசனின் பிழையான சத்தியக் கடதாசியிலும் கையெழுத்திட மறுத்தது. சிறிய நேர்மை இல்லாதவரிடம் பெரிய தைரியத்தை எதிர்பார்க்க முடியாது. உங்கள் வேட்பாளர் சோலைவரி கட்டியிருக்கிறாரா? தம்மிடம் வேலை செய்தவனுக்குக் கூலி சரியாகக் கொடுத்தாரா? கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தபோது கணக்குக் காட்டினாரா? இவற்றை விசாரித்தபின் நடக்கத் தொடங்குங்கள்.

படலையடியில் ஒரு தொண்டு

ஆனால் தேர்தல் தொண்டில் நான் மிகப் பெரியதாக எண்ணுவது வேறொன்று. வாக்காளர் இடாப்பைக் கையில் பிடித்தபடி வீடு வீடாகச் செல்லும் தொண்டன், தன் சொந்தக் குறிச்சியை முதன்முறையாகப் பார்க்கிறான். கோயிலுக்கு வராதவர், வர முடியாதவர், வர வெட்கப்படுபவர் எல்லாருடைய படலையையும் அவன் தட்டுகிறான். மாரிகாலத்தில் முழங்காலளவு தண்ணீரில் சமைக்கும் வீட்டைக் காண்கிறான். இடாப்பில் நாலு பெயர் இருக்க, விறாந்தையில் ஒரு கிழவி மாத்திரம் இருப்பதைக் காண்கிறான். மற்ற மூவரும் எங்கே என்று கேட்டால், அவள் சுவரில் மாட்டிய படத்தைக் காட்டுகிறாள்.

அந்த இடத்தில் அவன் என்ன செய்கிறான்? துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறானா? அல்லது திண்ணையில் இருந்து, அவள் தரும் தேத்தண்ணியைக் குடித்து, அவள் கதையைக் கேட்கிறானா?

அப்போஸ்தலர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழுந்தது. அந்த முறைப்பாட்டைத் தீர்க்கவே, நற்சாட்சி பெற்ற எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். ஆகத் திருச்சபையில் மக்கள் கூடிச் செய்த அந்தத் தெரிவே, கவனிக்கப்படாத விதவைகளுக்காக நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கேட்ட குறையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது, எந்தக் கிணறு உவர்த்துப்போனது, யாருடைய வீட்டுக்குக் குப்பை வண்டி வருவதில்லை என்று எழுதுங்கள். அந்தக் கொப்பியை உங்கள் வேட்பாளரிடம் கொடுங்கள். வென்றால், ஆறு மாதம் கழித்து அதே கொப்பியோடு அவர் வீட்டுக்குப் போங்கள். தோற்றால், வென்றவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். தோற்றபின்னும் அந்தக் கிழவியின் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கத்தானே செய்யும்? அந்தக் கொப்பி எந்தக் கட்சிக்கும் சொந்தமல்ல. அதைச் சுமப்பவனே தொண்டன்.

எண்ணி முடிந்த மறுநாள்

வாக்கெடுப்புக்கு முன்னுள்ள இரண்டு நாளும் பிரசாரம் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஒலிபெருக்கி அடங்கிய அந்த மௌனத்தை நல்லபடி பயன்படுத்துவோம். குடும்பமாகச் செபிப்போம். யார் வெல்ல வேண்டும் என்று ஆண்டவருக்குப் பெயர் சொல்லிக் கொடுக்காமல், வென்றவர் நல்லவராயிருக்கவும் தோற்றவர் மனம் முறியாதிருக்கவும் மன்றாடுவோம்.

பிறகு ஞாயிறு வரும். பூசையிலே சமாதானம் பகிரும் நேரத்தில், பக்கத்து வாங்கிலே நிற்பவன் ஒரு மாதமாக உங்களோடு பேசாதவனாய் இருப்பான். அண்ணன் தம்பியாகவும் இருக்கலாம். மைத்துனனாகவும் இருக்கலாம். காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர், சகோதரன் எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டான் என்று விசாரித்துவிட்டு ஒப்புரவாகச் சொல்லவில்லை. ஒரு சபை நாலு வருடம் இருக்கும். ஒரு சகோதரன் சாகும்வரை இருப்பான். நாலு வருடத்துக்காக அவனை இழக்க வேண்டாம். வென்ற பக்கத்தவன் முதலில் கையை நீட்டட்டும். வென்றவனுக்கு அது இலேசு. ஆகவே கடமையும் அவனுக்கே அதிகம்.

அபிமெலேக்கின் முடிவையும் சொல்ல வேண்டும். அவன் மூன்று ஆண்டுகளே ஆண்டான். அவனை ஏற்றிவைத்த செக்கேம் ஊரே அவனுக்கு எதிராகத் திரும்பியது. அவன் அந்த ஊரைத் தீக்கிரையாக்கினான். பின்னர் தெபேசு என்னும் ஊரின் கோபுரத்தை எரிக்கப் போனபோது, மேலேயிருந்து ஒரு பெண் போட்ட திரிகைக் கல் அவன் மண்டையை உடைத்தது. முட்செடியின் தீ மரங்களையும் எரித்தது, முட்செடியையும் எரித்தது. யோத்தாம் மலையில் நின்று சொன்னது அப்படியே நிறைவேறிற்று.

யோத்தாமின் உவமை வாசிக்கப்படும் அந்த வார நாள் பூசையிலே, சுவிசேஷமாக வருவது திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமை. பொருத்தத்தைப் பாருங்கள்! நல்ல மரங்கள் வரமறுத்த கதையை வாசித்துவிட்டு, வீட்டெசமான் சந்தைவெளிக்குப் போய், ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கும் கதையைக் கேட்கிறோம். அந்தக் கேள்வி நமது சந்தியிலும் கேட்கப்படுகிறது. போகிறவர் அபிமெலேக்கின் கூலியாளாய்ப் போக வேண்டாம். திராட்சைத் தோட்டத்து எசமானின் வேலையாளாய்ப் போகட்டும். அவரிடம் கூலி தப்பாது. கடைசி மணித்தியாலத்தில் வந்தவனையும் அவர் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

ஆண்டவரே, எங்கள் ஒழுங்கைகளில் நடப்பவர்களின் கால்களைச் சமாதானத்தின் வழியில் நடத்தும். நல்லவர்களுக்கு முன்வரத் துணிவையும், முன்வந்தவர்களுக்கு நேர்மையில் நிலைக்க வரத்தையும் தந்தருளும். புனித தோமஸ் மோரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.